எண் கிடைத்தால் கல்லறை கிடைக்கும்

வாசகர் கேள்வி – பதில்

கடல் தாண்டிப் போருக்குப் போய்த் திரும்பாத இளைஞர்களைப் பற்றிக் கடலூர், புதுச்சேரி வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

என் தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் பர்மா பக்கம் போய் இறந்துவிட்டார். இருபத்திரண்டு வயதாம், கல்யாணம்கூட ஆகவில்லை. வீட்டில் ஒரு பதக்கமும் மங்கிப்போன ஒரு போட்டோவும் இருக்கின்றன. பெயர் முனுசாமி என்பது மட்டும் தெரியும். அவரை எங்கே புதைத்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

முடியும். ஆனால் இணையத்தில் தேடுவதற்கு முன் வீட்டில் தேடுங்கள். நீங்கள் தேட வேண்டியது பெயரை அல்ல, படை எண்ணை. முனுசாமி என்ற பெயரில் எத்தனையோ பேர் படையில் இருந்தார்கள். எண் ஒருவருக்கு ஒன்றுதான்.

முதலில் பதக்கம். அந்தக் காலத்தில் இந்தியப் படையினருக்குக் கொடுத்த பதக்கங்களில் பெரும்பாலும் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறித்திருக்கும். வட்டப் பதக்கமானால் பக்கவாட்டு விளிம்பில் பாருங்கள். ஆறு முனை நட்சத்திரமானால் பின்பக்கத்தில் இருக்கும். எழுத்து மிகச் சிறியது, பூதக்கண்ணாடி வேண்டும். டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் தெரியும். ஒரு வேண்டுகோள்: பதக்கத்தைப் புளியோ பாலிஷோ போட்டுத் தேய்க்காதீர்கள். கருத்திருப்பது அழுக்கு அல்ல, அந்த உலோகத்தின் மேல்தோல். தேய்க்கும்போது முதலில் போவது விளிம்பில் இருக்கும் எண்தான்.

பொறித்திருப்பது ஆங்கிலச் சுருக்கெழுத்தாக இருக்கும். ‘எஸ்.பி.ஆர்.’ என்றால் சாப்பர் (பாலம், பாதை அமைக்கும் பிரிவின் சிப்பாய்), ‘என்.கே.’ என்றால் நாயக், ‘எச்.ஏ.வி.’ என்றால் ஹவில்தார். படைப்பிரிவில் ‘எஸ் அண்டு எம்’ வந்தால் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ், ‘ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.’ வந்தால் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ். தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் துப்பாக்கி ஏந்திய பட்டாளத்தில் மட்டும் இருக்கவில்லை. பாலம் கட்டும் பிரிவு, லாரி ஓட்டும் பிரிவு, பயனியர் எனப்படும் உடல் உழைப்புப் பிரிவு என்று பலவற்றில் இருந்தார்கள். ‘மெட்ராஸ் ரெஜிமெண்டாகத்தான் இருக்கும்’ என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டால் தேடல் தவறான பாதையில் போய்விடும்.

பதக்கத்தில் எதுவும் தெரியவில்லை என்றால் தகரப்பெட்டி, சாமி படத்துக்குப் பின்புறம், பழைய பத்திரங்களின் மடிப்பு எல்லாம் பாருங்கள். இறப்புத் தந்தி, தாயார் வாங்கிய பென்ஷன் புத்தகம், அவர் மாதாமாதம் அனுப்பிய மணியார்டரின் துண்டு, ஏதாவது ஒன்றில் எண் இருக்க வாய்ப்பு உண்டு. போட்டோவின் பின்புறத்தையும் விடாதீர்கள். அங்கே பெங்களூர் ஸ்டுடியோ முத்திரை இருந்தால், மெட்ராஸ் சாப்பர்களின் தலைமையிடம் அந்த ஊரில்தான் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளம். 1917இல் தொடங்கிய அமைப்பு இது. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பெயர்கள் அதன் பொறுப்பில் இருக்கின்றன. தேடுவதற்குப் பணம் இல்லை. எண் இருந்தால் அதை மட்டும் இட்டுத் தேடுங்கள், வேறு எந்தக் கட்டத்தையும் நிரப்பாதீர்கள்.

எண் இல்லாதவர்கள் பெயரை வைத்துத் தேடும்போது இரண்டு தவறு செய்கிறார்கள். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் முனுசாமி என்பது ‘குடும்பப் பெயர்’ கட்டத்தில்தான் பதிவாகியிருக்கும். முதல் பெயர் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். இரண்டாவது, எழுத்துக்கூட்டல். ‘சாமி’யை ஆங்கிலத்தில் எஸ்-ஏ-எம்-ஐ, எஸ்-ஏ-எம்-ஒய், எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஐ, எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஒய் என்று நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். ‘மு’வுக்கு யு போட்டவர்களும் உண்டு, இரட்டை ஓ போட்டவர்களும் உண்டு. எழுதியவர் பெரும்பாலும் தமிழ் தெரியாத எழுத்தர், காதில் விழுந்ததை எழுதினார். முழுப்பெயரில் வராவிட்டால் முன்பாதியை மட்டும் இட்டுப் பாருங்கள். எந்த நாட்டுப் படை என்ற இடத்தில் இந்தியா, எந்தப் போர் என்ற இடத்தில் இரண்டாம் உலகப் போர்.

இதற்கும் மேல் ஒரு வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பதிவில் ‘கூடுதல் தகவல்’ என்று ஒரு பகுதி உண்டு. ‘இன்னாரின் மகன், இன்ன ஊர்’ என்று அதில்தான் இருக்கும். அந்தப் பகுதியில் ‘கடலூர்’ என்று தேடினால் மிகச் சிலரே வருவார்கள். அன்றைய மாவட்டத்தின் பெயர் தென்னாற்காடு. ‘சவுத் ஆற்காடு’ என்று ஆங்கிலத்தில் இட்டுத் தேடுங்கள். பிறகு வரும் பட்டியலில் தகப்பனார் பெயரையும் ஊரையும் வைத்துச் சலித்து எடுங்கள். அதற்குக் கொள்ளுத்தாத்தாவின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால் பழைய கிரயப் பத்திரத்தில் இருக்கும்.

பதிவு கிடைத்ததும் அதில் உள்ள இடக்குறிப்பைச் சரியாகப் படிக்க வேண்டும். ‘15. சி. 8’ என்பது போல இருந்தால் 15ஆவது பாத்தி, சி வரிசை, 8ஆவது கல்லறை. அங்கே அவர் படுத்திருக்கிறார். ‘ஃபேஸ்’ (முகப்பு) என்றோ ‘காலம்’ (ஆங்கிலத்தில் தூண்) என்றோ போட்டு ஓர் எண் இருந்தால் அது கல்லறை அல்ல. உடல் கிடைக்காதவர்களின் பெயர் வெட்டிய நினைவுச்சின்னத்தின் முகப்பு எண் அல்லது தூண் எண். பர்மாவில் இறந்தவர்களுக்கு யாங்கோனுக்கு (பழைய ரங்கூன்) வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில் உள்ள தாக்கியான் கல்லறையில் இரண்டும் இருக்கின்றன. கல்லறைகள் ஆறாயிரத்துக்கு மேல். அதே வளாகத்தில் நிற்கும் ரங்கூன் நினைவுத்தூண்களில் சுமார் 27,000 பெயர்கள். அதாவது பர்மாவில் போனவர்களில் பெரும்பாலோருக்குத் தனிக் கல்லறை இல்லை. இதை முன்கூட்டியே மனதில் வாங்கிக்கொண்டு தேடுங்கள்.

பட்டாளத்துப் பதிவேடு வேண்டுமென்றால் படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் சாப்பர்களுக்குப் பெங்களூருவில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன். எண், பதவி, பெயர், தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா, ‘தென்னாற்காடு ஜில்லா’, இறந்த தேதி எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, உங்களுக்கு அவர் என்ன உறவு என்பதைக் காட்டும் வம்சாவளியையும் இணைத்து, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். கடலூரில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புவது நல்லது. எண் இல்லாத கடிதத்துக்குப் பதில் வருவது அரிது.

எங்கள் பாட்டனார் வழியில் ஒருவர் முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக (படைவீரராக)ப் போய், பிரான்சிலேயே அடக்கமாகிவிட்டார். இங்கிலீஷ்காரர் பட்டியலில் தேடினால் பெயரே இல்லை.
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

இருக்காது. அவர் பிரெஞ்சுப் படைவீரர், பதிவும் பிரெஞ்சு அரசிடம்தான் இருக்கும். பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ‘மெமுவார் தெசோம்’ என்ற இணையதளத்தில் 1914–1918 போரில் ‘பிரான்சுக்காக இறந்தவர்’ என்று அறிவிக்கப்பட்ட 13 லட்சத்துக்கும் அதிகமானோரின் அட்டைகள் அப்படியே படமாகப் போடப்பட்டிருக்கின்றன. அந்தச் சிறப்பு அடைமொழி 1915 ஜூலை 2ஆம் தேதிச் சட்டத்தால் வந்தது. இறந்த எல்லோருக்கும் அது கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புதுச்சேரிக் குடும்பங்கள் இங்கே தடுக்கி விழுவது பெயரில்தான். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள், அதாவது ரெனோன்சான்கள், அப்போதுதான் குடும்பப் பெயர் ஒன்றைப் புதிதாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் கோவிந்தன் என்று கூப்பிட்டவர் அட்டையில் முற்றிலும் பிரெஞ்சுப் பெயரோடு இருப்பார், அல்லது தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகவும் கோவிந்தன் முதல் பெயராகவும் இருக்கும். அதனால் பெயரில் தொடங்காமல் பிறந்த தேதியும் பிறந்த ஊரும் கொண்டு தேடுங்கள். ஊர்க் கட்டத்தில் ‘பொந்திஷேரி’யைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இடுங்கள். காரைக்கால்காரர்கள் அதன் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை இட வேண்டும். பிறந்த தேதி தெரியாதா? பிரெஞ்சிந்தியாவின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை ஏக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அவர் கூடப்பிறந்தவரின் திருமணப் பதிவு ஒன்று கிடைத்தால் போதும், குடும்பப் பெயர் எப்படி எழுதப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

அட்டையின் மேல்பகுதி அவருடைய படைப்பிரிவு நிரப்பியது. பெயர், பதவி, பிரிவு, மத்ரிக்யூல் எனப்படும் எண், இறந்த நாள், இடம் வரிசையாக இருக்கும். அதற்குக் கீழே ‘மரணத்தின் வகை’. ‘துயே அ லென்மி’ என்றிருந்தால் களத்தில் எதிரியால் கொல்லப்பட்டார். ‘ப்ளெசூர்’ என்ற சொல் வந்தால் காயத்தால். ‘மலாதி’ என்று வந்தால் நோயால். காலனிப் படையினரில் நோயால் இறந்தவர்கள் ஏராளம். குளிர்காலத்தில் அவர்களைத் தெற்கே ஃப்ரேழுஸ் பகுதி முகாம்களுக்கு அனுப்பியதே அந்தக் குளிர் தாங்காது என்பதால்தான். நோயால் இறந்தவர் என்று அட்டையில் கண்டு சில குடும்பங்கள் மனம் சோர்ந்துபோகின்றன. சோர வேண்டியதில்லை. களத்தில் இறந்தவருக்குக் கொடுத்த அதே அடைமொழியைத்தான் இவருக்கும் அரசு கொடுத்திருக்கிறது.

அட்டையின் அடிப்பகுதியைக் கட்டாயம் படியுங்கள். இறப்புப் பதிவு எந்த ஊர் நகராட்சிப் புத்தகத்தில், எந்த நாளில் ஏற்றப்பட்டது என்று அங்கே இருக்கும். அது புதுச்சேரி என்றிருந்தால் நகல் கேட்க வேண்டிய இடமும் புதுச்சேரிதான். அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு போங்கள். இறந்தது 1916ஆக இருந்தாலும் பதிவேறியது இரண்டு மூன்று ஆண்டு கழித்து இருக்கலாம். இறந்த ஆண்டின் புத்தகத்தைப் புரட்டிவிட்டு ‘இல்லை’ என்று திரும்பி வருபவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

கல்லறை வேறு இடத்தில் தேட வேண்டும். அதே இணையதளத்தில் ‘போர்க் கல்லறைகள்’ என்று தனிப்பகுதி இருக்கிறது. அங்கே ‘நெக்ரோபோல் நசியோனால்’ என்ற தேசியக் கல்லறைத்தோட்டத்தின் பெயர், கட்டம், கல்லறை எண் மூன்றும் வரும். ‘ஒசுவேர்’ என்று வந்தால் பலருடைய எலும்புகளைச் சேர்த்து வைத்த பொது அடக்கம். எல்லோரும் பிரான்சில் இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பால்கன் பகுதியின் கிழக்குப் போர்முனையில் இறந்தவர்களில் பலர் கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கியில் உள்ள ஸெய்டன்லிக் கல்லறைத்தோட்டத்தில் இருக்கிறார்கள்.

இதே கேள்வியை இந்தோசீனப் போரில் இறந்தவர்களுக்காகவும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு முக்கியத் தகவல். பழைய கடிதத்தில் ‘சைகோனில் அடக்கம்’ என்று இருந்தாலும் இன்று அங்கே போய்த் தேடாதீர்கள். 1986, 1987 ஆண்டுகளில் வியட்நாமில் இருந்த பிரெஞ்சுப் படைவீரர்களின் எச்சங்களைத் தோண்டி எடுத்துப் பிரான்சுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தென் பிரான்சின் ஃப்ரேழுஸ் நகரில் அவர்களுக்கென்று எழுப்பிய நினைவிடம் 1993இல் திறக்கப்பட்டது. அங்கேதான் விசாரிக்க வேண்டும்.

முதல் போரில் மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) இறந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பட்டியலில் எங்குமே காணோம். அப்படியென்றால் அவர் போருக்கே போகவில்லையா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

அப்படி முடிவு செய்யக் கூடாது. பட்டியலே முழுமையானது அல்ல. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் அமைத்த சிறப்புக் குழு 2021இல் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர் முதலியோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை வெள்ளையருக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர் (அது மூன்றரை லட்சம் வரைகூட இருக்கலாம்) பெயர் குறிக்கப்படாமலோ முற்றிலும் நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள் என்றும் அறிக்கை சொன்னது. நூறு ஆண்டு கழித்து வந்த இந்த ஒப்புதல் நம் குடும்பங்களுக்கு முக்கியமானது. பெயர் இல்லாதது பதிவு செய்தவர்களின் குறை. இறந்தவர்மேல் சந்தேகம் கொள்ள அதில் எதுவும் இல்லை.

மெசபடோமியாவுக்கென்றே இன்னொரு விஷயமும் உண்டு. பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ்காரர் பெயரும் இந்திய அதிகாரிகள் பெயரும் வெட்டப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ‘இத்தனை பேர்’ என்று எண்ணிக்கை மட்டும் போட்டார்கள். பெயர்கள் பதிவேட்டில் இருந்தன, கல்லில் ஏறவில்லை. அந்தச் சின்னத்தையும் 1997இல் பழைய இடத்திலிருந்து பெயர்த்து நாசிரியா போகும் சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டார்கள். ஆகவே கல்லின் போட்டோவில் தேடாமல் பதிவேட்டில் தேடுங்கள்.

உங்களிடம் சான்று இருந்தால் பெயரைச் சேர்க்கச் சொல்லி ஆணையத்துக்கு எழுதலாம். அவர்கள் பார்ப்பது முதலில் தேதியை. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. இந்த நாட்களுக்குள் படைப்பணியில் இருக்கும்போது இறந்திருக்க வேண்டும். குண்டு பட்டுத்தான் என்றில்லை, மலேரியாவோ வயிற்றுப்போக்கோ லாரி கவிழ்ந்ததோ எதுவாக இருந்தாலும் சேரும். சான்று என்பது அந்தக் காலத்துக் காகிதம். தாத்தா சொன்னார் என்பது போதாது.

பாட்டி வீட்டில் சாப்பாட்டுத் தட்டு அளவில் பாதிகூட இல்லாத, சுமார் 12 சென்டிமீட்டர் அகல வெண்கல வட்டு ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். சிங்கமும், சூலம் ஏந்திய பெண் உருவமும், நடுவே ஒரு கட்டத்தில் பெயரும் இருக்கும். முதல் போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு மட்டும் கொடுத்தது அது. பதவியோ எண்ணோ அதில் இருக்காது, பெயர் மட்டும்தான். ஆனாலும் பெயரை அன்று எப்படி எழுத்துக்கூட்டினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பித்தளைக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

கல்லறையிலிருந்து உடலை இங்கே கொண்டுவர முடியுமா? அதுவும் முடியாதென்றால் ஒரு பிடி மண்ணாவது எடுத்து வந்து எங்கள் கொல்லையில் போட ஆசை.
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

உடலைக் கொண்டுவர முடியாது. பணக்காரர் வீட்டுப் பிள்ளை மட்டும் ஊர் திரும்பக் கூடாது, எல்லோரும் விழுந்த இடத்திலேயே ஒன்றாக இருக்கட்டும் என்பது அந்த ஆணையம் தொடக்கத்திலேயே எடுத்த முடிவு. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல், சுமார் 81 சென்டிமீட்டர் உயரம், 38 சென்டிமீட்டர் அகலம். (பிரான்ஸ் 1920இல் ஒரு சட்டம் போட்டு அரசுச் செலவில் உடலைக் குடும்பத்திடம் ஒப்படைத்தது. அந்த வாய்ப்பு எப்போதோ முடிந்துவிட்டது.)

மண்ணும் வேண்டாம். வெளிநாட்டு மண்ணை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவதைத் தாவர நோய்த் தடுப்பு விதி தடுக்கிறது. மண்ணில் கண்ணுக்குத் தெரியாத புழுவும் பூஞ்சையும் வரும் என்பதுதான் காரணம். விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டால் அந்த வேதனையைத் தாங்க முடியாது. இங்கிருந்து மண் கொண்டுபோய் அங்கே தூவுவதற்கும் அந்தந்த நாட்டில் இதே தடை இருக்கும். தேவனாம்பட்டினம் கடல் நீரைச் சின்னப் புட்டியில் எடுத்துப் போய் அவர் கல்லுக்கு முன்னால் புல்லில் விடுங்கள். கைப்பையில் என்றால் புட்டி 100 மில்லிக்கு மேல் கூடாது. கல்லின் மேல் ஊற்றாதீர்கள், உப்பு கல்லை அரிக்கும்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகன் எங்கள் பெரிய தாத்தாவின் பெயர் இருக்கும் கிராஞ்சி போர்க் கல்லறைத்தோட்டத்துக்குப் போகப் போகிறான். என்ன எடுத்துப் போக வேண்டும், அங்கே விளக்கேற்றலாமா?
– வாசகர், பண்ருட்டி

கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான், பகலில் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. ஆனால் இடக்குறிப்பு இல்லாமல் போகக் கூடாது. அங்கே நான்காயிரத்துக்கு மேல் கல்லறைகள், நினைவுச்சின்னத்தில் 24,000க்கு மேல் பெயர்கள். ‘காலம்’ எண் தெரியாமல் போனவர் வெயிலில் சுற்றிச் சுற்றிக் களைத்துத் திரும்ப வேண்டியதுதான். எண்ணைக் காகிதத்தில் பெரிதாக எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பெயர்கள் படைப்பிரிவு வாரியாக, பிரிவுக்குள் பதவி வாரியாக, அதற்குள் ஆங்கில அகரவரிசையில் இருக்கும். பிரிவின் பெயரைப் பிடித்துவிட்டால் பிறகு எளிது. நுழைவாயில் அருகே சுவரில் சிறு கதவுள்ள ஒரு பெட்டி இருக்கும். பதிவேடும் வருகையாளர் புத்தகமும் அதில்தான் வைப்பார்கள். அந்தப் புத்தகத்தில் தமிழிலேயே எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

உடல் எரிக்கப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்குக் கிராஞ்சியில் தனியாகத் தகன நினைவுச்சின்னம் ஒன்றும் இருக்கிறது. சுமார் 800 பெயர்கள், பெரும்பாலும் இந்தியர். பதிவில் ‘கிரிமேஷன் மெமோரியல்’ என்று இருந்தால் பெரிய சின்னத்தில் தேட வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15ஆம் தேதி வீழ்ந்தபோது பிடிபட்ட இந்தியர்கள் பலரை ஜப்பானியர் நியூகினித் தீவுப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே இறந்தவர்கள் பலரின் கல்லறைகள் ரபவுல் அருகே பிட்டா பாக்காவில் இருக்கின்றன. ‘சிங்கப்பூரில் காணாமல் போனார்’ என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பதை நம்பிப் புறப்படாமல், பதிவைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

விளக்கு, சந்தனம், குங்குமம் பற்றி. மனம் கேட்காது என்பது புரிகிறது. ஆனாலும் கல்லில் எதையும் பூச வேண்டாம். போர்க்கல்லறைக் கற்களில் பல சுண்ணாம்புக்கல் வகை, மெல்லிய துளைகள் நிறைந்தது. எண்ணெயும் நெய்யும் உள்ளே இறங்கிவிட்டால் வெளியே வராது, அந்த இடம் கருத்து, தூசு ஒட்டிக்கொண்டே இருக்கும். மஞ்சளும் குங்குமமும் ஒரே மழையில் வழிந்து எழுத்துக்குள் கறையாக நிற்கும். பால் ஊற்றினால் பாசி பிடிக்கும். கடைசியில் பராமரிப்பவர் அழுத்தித் தேய்க்க, எழுத்தின் ஓரம் மழுங்கிப் போகும். நம் கையாலேயே அவர் பெயரை அழித்ததுபோல் ஆகிவிடும். தாக்கியானில் கல்லுக்குப் பதிலாகச் சிறு பீடத்தில் வெண்கலத் தகடு பதித்திருப்பார்கள். அதற்கும் எலுமிச்சை, புளி, சாம்பல் எதுவும் ஆகாது.

உதிரிப் பூ வைக்கலாம், மாலையும் வைக்கலாம். மாலையில் கம்பியும் பிளாஸ்டிக் நாரும் இல்லாமல் வாழைநாரில் கட்டியதாக இருந்தால் நல்லது. விளக்கை ஒரு தட்டில் வைத்து, கல்லிலிருந்து இரண்டடி தள்ளித் தரையில் ஏற்றி, அணைந்ததும் திரியோடு எடுத்து வந்துவிட வேண்டும். காவலர் வேண்டாம் என்றால் அதற்குக் கட்டுப்படுங்கள்.

போட்டோ எடுக்கும்போது நேர் வெளிச்சத்தில் வெட்டெழுத்து தெரியாது. வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் காலையிலோ மாலையிலோ எடுங்கள். வரிசை இப்படி: முதலில் ‘காலம்’ எண், அடுத்து படைப்பிரிவின் பெயர், அடுத்து அவர் பெயர் கிட்டத்தில், கடைசியில் முழுச் சின்னம். ஊரில் இருக்கும் வயதானவர்களுக்கு அந்தக் கடைசிப் படம்தான் வேண்டும். மற்ற மூன்றும் அடுத்த தலைமுறை தேடிப் போக.

உடலைப் பார்க்காமலே போன ஒருவருக்கு எந்த நாளில் திதி கொடுப்பது? எங்கள் வீட்டில் இதுவரை ஆடி அமாவாசையில் மட்டும்தான் படைக்கிறோம்.
– வாசகி, வில்லியனூர்

நீங்கள் செய்வதில் பிழை எதுவும் இல்லை. நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசைதான் வழக்கம். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரையிலும், உங்கள் பக்கம் திருக்காஞ்சியில் சங்கராபரணிக் கரையிலும் கூட்டமாகத் தர்ப்பணம் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இப்போது பதிவேட்டில் தேதி கிடைத்துவிட்டால் திதியைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். உதாரணத்துக்கு, மேலே சொன்ன 1942 பிப்ரவரி 15. விஷு ஆண்டு, மாசி மாதம், அமாவாசை நாள். அன்று இறந்தவருக்கு மாசி அமாவாசை. கணக்கிடும்போது இரண்டு இடத்தில் பிசகும். ஆங்கிலத் தேதி நள்ளிரவில் மாறும், நம் நாள் சூரிய உதயத்தில் மாறும். திதியோ பகலிலும் மாறும். இறந்த நேரம் தெரியாத நிலையில் பஞ்சாங்கக்காரரிடம் அந்த ஊரையும் தேதியையும் சொல்லிவிட்டு, அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது, பதிவில் ‘இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையில்’ என்று இருந்தால் திதி கணிக்கவே கூடாது. அந்த இரண்டில் ஒன்றை நாமாகத் தேர்ந்தெடுத்தால் அது ஊகம்.

போர்க்களத்தில் ஆயுதத்தால் மாண்டவர்களுக்கென்றே மகாளய பட்சத்தில் ஒரு நாள் இருக்கிறது, அமாவாசைக்கு முந்தைய சதுர்த்தசி. தேதி தெரியாத குடும்பங்களுக்கு இதுவே பொருத்தமான நாள் என்பது எங்கள் கருத்து. கிறிஸ்தவக் குடும்பங்கள் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மற்ற கல்லறைகளோடு அவர் பெயருக்கும் பூசை சொல்லி வைக்கலாம். நவம்பர் 11இல் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் உள்ள பிரெஞ்சுப் போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள். பிரெஞ்சிந்தியப் படையினரின் குடும்பங்கள் அன்று அங்கே போய் நிற்பது வழக்கம்.

எங்கள் கொள்ளுத்தாத்தா படித்த பள்ளியில் அவர் பெயரில் ஒரு கல் பதிக்க அனுமதி கிடைத்திருக்கிறது. என்ன எழுதுவது, எப்படிச் செய்வது?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

முதல் போருக்குப் பிறகு சில ஊர்களில் வெள்ளைக்காரர்கள் ஒரு சலவைக்கல் பதித்தார்கள். ‘இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்.’ பெயர் கிடையாது. நம் நடுகல்லோ பெயரையும், எந்தப் பூசலில் விழுந்தான் என்பதையும் சொல்லும். நீங்கள் நடுகல் வழியைப் பின்பற்றுங்கள்.

எழுத வேண்டியவை: பெயர், தகப்பனார் தாயார் பெயர், ஊர், பிறந்த ஆண்டு, படை எண், பதவி, பிரிவு, இறந்த தேதி, இடம், கடைசி வரியில் கல்லறையின் பெயரும் பாத்தி-வரிசை எண்ணும். பிறந்த ஆண்டு பதிவேட்டு வயதிலிருந்து கணக்கிட்டது என்றால் போடாமல் விடுங்கள். படையில் சேர வயதைக் கூட்டிச் சொன்ன பையன்கள் நிறைய. நோயால் இறந்தவருக்கும் பொருந்தும்படி ‘போர்ப்பணியில் உயிர்நீத்தார்’ என்று எழுதலாம்.

கல்லுக்குத் திண்டிவனம் வட்டாரக் கருங்கல் நல்லது. 18 அங்குலம் நீளம், 12 அங்குலம் உயரம், 20 மில்லிமீட்டர் தடிமன் போதும். எடை 8 கிலோவை ஒட்டி வரும். ஓர் அங்குல எழுத்தென்றால் இந்த அளவில் ஐந்து வரிதான் கொள்ளும். தமிழில் மேலே புள்ளியும் கீழே உகரக் கொம்பும் வருவதால் ஆங்கிலக் கல்லைவிட வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். பத்துத் தகவலும் வர வேண்டுமென்றால் பெயரை மட்டும் ஓர் அங்குலத்தில் வைத்து, மற்றவற்றை அரை அங்குலமாக்குங்கள். அரை அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள்.

எழுத்தை 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் வெட்டச் சொல்லுங்கள். மேலோட்டமாக வெட்டிப் பொன்வண்ணம் அடித்தால் கடற்காற்றில் சில ஆண்டில் வண்ணம் உதிர்ந்து கல் மட்டும் நிற்கும். ஆழமாக வெட்டியது வண்ணம் போனாலும் படிக்க வரும். இரும்பு ஆணி, இரும்புக் கிளாம்பு கூடவே கூடாது. துரு பிடிக்கும்போது இரும்பு பருத்துக் கல்லின் மூலையைப் பிளந்துவிடும். எவர்சில்வரிலும் 316 ரகத் திருகு கேட்டு வாங்குங்கள், சாதாரண ரகம் நம் கரையில் பழுப்பேறும். சுவர் உப்புப் பூத்திருந்தால் பூச்சைச் செங்கல் வரை கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு பதியுங்கள்.

வெட்டுவதற்கு முன் கல்லின் அளவிலேயே வரைதாளில் அச்செடுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். கல்வெட்டுக் கடைகளில் கணினியில் எழுத்துருவை மாற்றும்போது ‘ணை’, ‘லை’, ‘ஸ்ரீ’ போன்றவை உடைந்துபோவது வழக்கம். திரையில் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு மெய்யெழுத்தின் மேலும் புள்ளி இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணுங்கள். படை எண்ணை ஒருவர் பதக்கத்தைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல, இன்னொருவர் தாளில் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.